எண்பதுகளின் பாப் பிடித்தவர்களுக்கு இன்றைய இசை: எதைக் கேட்பது, எப்படித் தேடுவது?

#1 · பல்லவிப்பிரியன்

வணக்கம் நண்பர்களே. டியூரன் டியூரன், அ-ஹா, டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ், சிண்டி லாப்பர், விட்னி ஹூஸ்டன், பெட் ஷாப் பாய்ஸ் என்று ஊறிப்போன காதுக்கு 2010-க்குப் பிறகு வந்த இசையில் எதைப் பரிந்துரைப்பீர்கள்? பழைய பாட்டுகளின் தொகுப்பு வேண்டாம், பழைய பாட்டைப் புதுக்குரலில் பாடியதும் வேண்டாம். இன்று எழுதி, இன்று மெட்டுப் போட்ட புதுப் பாட்டு வேண்டும்.

தேடும்போது மூன்று இடத்தில் முட்டுகிறது. "எண்பதுகள் பாணி" என்று போட்டால் எண்பதுகளின் பாட்டே வந்து நிற்கிறது. "சிந்த்வேவ்" என்று போட்டால் ஊதா நிற அட்டை, பனைமரம், கார்; உள்ளே ஐந்து நிமிட வாத்திய இசை, பாட ஆளே இல்லை. வானொலியில் ஓடும் புதுப் பாட்டை எடுத்தால் கீபோர்டு மட்டும் அந்தக் காலத்து ஒலி, மெட்டு மனதில் தங்குவதில்லை. எங்கே தொடங்கலாம்?

#2 · ஜூனோ106

பெயர்களுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எண்பதுகள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் நாலைந்து தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒருவருக்கு இனிப்பது டிரம்ஸின் அடி, இன்னொருவருக்குக் கீபோர்டின் நிறம், வேறொருவருக்குப் பல்லவி. இன்றைய கலைஞர்களில் பெரும்பாலானோர் இவற்றில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளாமல் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மிகவும் பிடித்த பழைய பாட்டு ஐந்தை ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த நொடியில் உடம்பு சிலிர்க்கிறதோ அந்த நொடியைத் தாளில் குறியுங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) அடி பெரிய மண்டபத்தில் விழுந்ததுபோல் விரிந்து, கத்தரியால் வெட்டினாற்போல் சட்டென்று நிற்கிறதா? அதன் பெயர் கேட்டட் ரிவெர்ப். 1980-இல் வந்த பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், உள்ளே இருக்கும் கலைஞர் பேசுவதைக் கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மைக் அந்த டிரம்ஸ் ஒலியையும் பிடித்துக்கொண்டது. அந்த மைக்கில் கம்ப்ரெஷன், அதாவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்குவது, மிகக் கடுமை. பெருகி வந்த ஒலியின் வாலை நாய்ஸ் கேட் (ஓர் அளவுக்குக் கீழே போகும் சத்தத்தை அடைக்கும் கருவி) வெட்டியது. ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜாம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டே ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் குறிப்பு இந்த அடியில் விழுந்தால் இன்றைக்கு ஹைம், பிளீச்சர்ஸ் குழுக்களின் பக்கம் போங்கள்.

கீபோர்டு என்றால் அதிலும் இரண்டு வகை. மெழுகு உருகுவதுபோல் அகன்று, லேசாக ஆடிக்கொண்டே ஒலிப்பது ரோலண்ட் ஜூனோ. ஜூனோ-60 வந்தது 1982-இல், 106 வந்தது 1984-இல். ஒரு குரலுக்கு ஒரே ஆசிலேட்டர்தான் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி), ஒல்லியான ஒலி. அதை அகலமாக்குவது உள்ளேயே இருக்கும் கோரஸ் (ஒரே ஒலியைப் பலவாகக் காட்டும்) பொத்தான். இன்னொன்று கண்ணாடி மணிபோல் கணீரென்று ஒலிப்பது, யமஹா டிஎக்ஸ்7. எண்பதுகளின் நடுவில் வந்த மெதுவான காதல் பாட்டுகளில் கேட்கும் 'எலெக்ட்ரிக் பியானோ' பெரும்பாலும் அதுதான். இன்றைய இசையில் ஜூனோ ஒலி கொட்டிக் கிடக்கிறது, டிஎக்ஸ்7 ஒலி அரிது. மெதுவான பாட்டுப் பிரியர்களுக்குத் தேடல் ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பு பல்லவியில் விழுந்தால் கீபோர்டையே மறந்துவிடுங்கள். தேடவேண்டிய இடம் வேறு.

#3 · நள்ளிரவு வானொலி

ஜூனோ சொல்வது சரிதான். ஆனால் கேட்டுப் பார்க்கக் கையில் ஏதாவது வேண்டுமே. பல்லவிப்பிரியன், உங்கள் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் மெட்டுக்காரர். முதல் வாரத்துக்கு நாலே ஆல்பம்.

கார்லி ரே ஜெப்சனின் 'இமோஷன்', 2015. 'ரன் அவே வித் மீ' என்ற முதல் பாட்டு சாக்ஸஃபோன் அலறலோடு தொடங்கும், அங்கிருந்தே தெரிந்துவிடும். மறு ஆண்டு வந்த 'சைட் பி'-யும் சேர்த்தே கேளுங்கள், அது மிச்சசொச்சம் அல்ல.

சர்ச்சஸ் குழுவின் 'தி போன்ஸ் ஆஃப் வாட் யூ பிலீவ்', 2013. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர்கள். மெல்லிய குரல், கனத்த சிந்த் (சிந்தசைசர் கீபோர்டு). ஆங்கிலத்தில் இவர்கள் பெயரில் யு இருக்கவேண்டிய இடத்தில் வி இருக்கும். தேவாலயம் என்ற சொல்லோடு தேடலில் குழம்பக்கூடாது என்று அவர்களே அப்படி வைத்துக்கொண்டது.

எம்83-இன் 'ஹர்ரி அப், வீ ஆர் டிரீமிங்', 2011. இரட்டை ஆல்பம், ஒரே மூச்சில் கேட்கவேண்டாம். 'மிட்நைட் சிட்டி'-யைக் கடைசி நொடிவரை ஓடவிடுங்கள், சாக்ஸஃபோன் அங்கேதான் வருகிறது.

தி வீக்கெண்டின் 'ஆஃப்டர் அவர்ஸ்', 2020. முதலில் 'பிளைண்டிங் லைட்ஸ்', பிறகு 'சேவ் யுவர் டியர்ஸ்'. இந்த ஆல்பத்தில் பாதிதான் எண்பதுகள், மீதி இன்றைய ஆர்அண்ட்பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்). அடுத்து 2022-இல் வந்த 'டான் எஃப்எம்' முழுக்க அந்தக் காலத்து வானொலி நிலையம்போலவே கட்டப்பட்டது. அதிலுள்ள 'அவுட் ஆஃப் டைம்' 1983-இல் ஜப்பானியப் பாடகி டோமோகோ அரன் பாடிய பாட்டின் துணுக்கின் மேல் நிற்கிறது.

#4 · தாளக்கட்டு

நள்ளிரவு குறிப்பிட்ட 'பிளைண்டிங் லைட்ஸ்' பற்றி ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 171 அடி. அ-ஹாவின் 'டேக் ஆன் மீ' சுமார் 169. கீபோர்டு மட்டும் காரணமல்ல, ஓட்டமே அங்கிருந்து வருகிறது. இன்றைய பாப் பெரும்பாலும் 90 முதல் 120-க்குள் சுற்றுகிறது, அதனால் இந்த வேகத்தில் ஒரு பாட்டு வந்தாலே காது நிமிர்கிறது. 2022-இல் ஹாரி ஸ்டைல்ஸின் 'அஸ் இட் வாஸ்' 174. அதிலும் இதே விளைவு.

தேடும் தளம் எதுவானாலும், பாட்டின் வேகத்தை வைத்துப் பிளேலிஸ்ட் பிரித்துப் பாருங்கள். 160-க்கு மேல் ஓடும் புதுப் பாட்டுகளில் எண்பதுகளின் வாசனை உள்ளவை கணிசமாகக் கிடைக்கும்.

#5 · பல்லவிப்பிரியன்

நன்றி. இரண்டு சந்தேகம். சிந்த்வேவில் பாட்டு உள்ளவை யார்? அடுத்து, பல சிந்த்வேவ் பாட்டுகளில் கீபோர்டு மூச்சு வாங்குவதுபோல் பம்மிப் பம்மி எழுகிறதே, எண்பதுகளில் அப்படிக் கேட்ட நினைவில்லை. ஏன்?

#6 · ஜூனோ106

உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. அது சைட்செயின் கம்ப்ரெஷன். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் ஒவ்வொரு முறையும் மற்ற வாத்தியங்களின் சத்தம் தானாக அமுங்கி, பிறகு எழும்பும். தொண்ணூறுகளின் பிரெஞ்சு ஹவுஸ் இசை பரப்பிய பழக்கம் அது, எண்பதுகளின் பாப்பில் அந்தப் பம்மல் கிடையாது. சிந்த்வேவின் வேர்களில் ஒன்று பிரான்ஸ். காவின்ஸ்கியின் 'நைட்கால்' 2010-இல் வந்தது, அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் டாஃப்ட் பங்க்கின் கீ-மானுவல். 2011-இல் 'டிரைவ்' படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்தபிறகுதான் இந்த வகை பெரிதாகப் பரவியது.

இன்னொரு வேர் சினிமாப் பின்னணி இசை. ஜான் கார்ப்பென்டர், டேஞ்சரின் டிரீம், வான்ஜெலிஸ். அதனால்தான் பாட ஆள் இல்லை. சிந்த்வேவ் எண்பதுகளின் பாப்புக்கு வாரிசு அல்ல, எண்பதுகளின் படங்களுக்கு வாரிசு. இது புரிந்தால் பாதி ஏமாற்றம் போய்விடும். பின்னணி இசைதான் வேண்டும் என்றால் ஜான் கார்ப்பென்டரே 2015-இல் 'லாஸ்ட் தீம்ஸ்' என்று ஆல்பம் போட்டார், நேரே மூலவரிடமே போகலாம்.

பாட்டு உள்ளவை: தி மிட்நைட் குழுவின் 'எண்ட்லெஸ் சம்மர்' (2016), 'கிட்ஸ்' (2018). எஃப்எம்-84-இன் 'அட்லஸ்' (2016), அதில் ஆலி ரைட் பாடும் 'ரன்னிங் இன் தி நைட்'. எலெக்ட்ரிக் யூத்தின் 'இன்னர்வேர்ல்டு' (2014). கன்ஷிப்பின் 'டார்க் ஆல் டே' (2018), அதில் சாக்ஸஃபோன் டிம் கப்பெல்லோ, எண்பதுகளில் டினா டர்னரின் மேடையில் வாசித்தவர். பெயர் தேடலில் ஒரு தொல்லை: தி மிட்நைட் என்று மட்டும் போட்டால் நூறு பேர் வருவார்கள், ஆல்பம் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், இவர்களில் 'அட்லஸ்' ஒன்றுதான் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை பாப் ஆல்பமாக நிற்கிறது.

#7 · கேசட்முனை

எல்லாரும் புது ஆட்களையே சொல்கிறீர்கள். பழைய ஆட்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நன்றாக. எண்பதுகளின் மெட்டு வேண்டுமென்றால் அதைப் போட்டவர்களிடமே கேட்பதுதான் குறுக்கு வழி.

டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ், 'தி டிப்பிங் பாயிண்ட்', 2022. 2004-க்குப் பிறகு முதல் ஆல்பம். தலைப்புப் பாட்டும் 'நோ ஸ்மால் திங்'-கும் கேளுங்கள்.

டெபேஷ் மோட், 'மெமெண்டோ மோரி', 2023. ஆண்டி ஃப்ளெட்சர் 2022-இல் மறைந்த பிறகு இருவராக நின்று போட்டது. 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' ஒன்று போதும், அந்த கிட்டார் இழை எண்பதுகளின் இறுதிக்கே கூட்டிப் போகும். அதைத் தயாரித்த ஜேம்ஸ் ஃபோர்டுதான் பெட் ஷாப் பாய்ஸின் 'நன்தலெஸ்' (2024) தயாரிப்பாளரும்.

டியூரன் டியூரன் என்றால் 2010 கடைசியில் வந்த 'ஆல் யூ நீட் இஸ் நௌ'. மார்க் ரான்சன் தயாரித்தார். 1982-இல் வந்த 'ரியோ' ஆல்பத்துக்கு அடுத்து வந்திருக்கவேண்டிய ஆல்பம் எப்படி இருக்கும் என்று யோசித்தே செய்தது. 2021-இன் 'ஃபியூச்சர் பாஸ்ட்' ஆல்பத்தில் இரண்டு பாட்டில் ஜார்ஜியோ மொரோடர் இருக்கிறார்.

ஓஎம்டி (ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்): 'இங்கிலிஷ் எலெக்ட்ரிக்' (2013), 'பௌஹௌஸ் ஸ்டேர்கேஸ்' (2023). இரண்டுமே சுத்தமான சிந்த்பாப் (சிந்தசைசர் முன்னிற்கும் பாப்).

நியூ ஆர்டர், 'மியூசிக் கம்ப்ளீட்', 2015. பழைய பேஸ் கிட்டார்க்காரர் பீட்டர் ஹுக் இல்லை, அந்த மேல்ஸ்தாயி பேஸ் வாசிப்பை எதிர்பார்த்துப் போகவேண்டாம். ஆனால் சில பாட்டில் லா ரூவின் எல்லி ஜாக்சன் பாடுகிறார். அங்கிருந்து அப்படியே லா ரூவின் 2009 ஆல்பத்துக்கும், அதைவிட நல்லதான 2014-இன் 'டிரபிள் இன் பாரடைஸ்'-க்கும் தாவலாம்.

எச்சரிக்கை ஒன்று: அ-ஹாவின் 'ட்ரூ நார்த்' (2022) நல்ல ஆல்பம், ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவானது. கீபோர்டு ஓட்டம் எதிர்பார்த்தால் கிடைக்காது. தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு' (2024) அவர்களுடைய இருண்ட பக்கம், பாட்டுகள் நீளம், குரல் வரவே பல நிமிடம் ஆகும். 'ஜஸ்ட் லைக் ஹெவன்' பிடித்தவர் அதில் நுழைந்தால் திகைத்துப்போவார்.

#8 · ஆதார சுருதி

பல்லவிப்பிரியன் முதல் பதிவில் "மெட்டு தங்குவதில்லை" என்று சொன்னதை யாரும் முழுதாகத் தொடவில்லை. அதன் காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது.

எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டில் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஒரு ஏணி இருக்கும். நம் அனுபல்லவியைப்போலத் தனி மெட்டு, தனி வேலை. வேலை என்னவென்றால் சுரத்தை மேலே ஏற்றி, பல்லவி எப்போது வரும் என்று ஏங்கவைப்பது. அதன்பிறகு இரண்டாம் பல்லவி முடிந்ததும் பிரிட்ஜ் என்ற புதுப் பகுதி வரும், பாட்டு அதுவரை போகாத ஸ்வரங்களுக்குப் போகும். பல பாட்டுகளில் கடைசியில் ஆதார சுருதியே மேலேறும். பான் ஜோவியின் 'லிவிங் ஆன் எ பிரேயர்' (1986) கடைசிப் பல்லவியில் மூன்று அரைச்சுரம் தாவுகிறது, நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் தி மிரர்' அரைச்சுரம் ஏறுவது 'சேஞ்ச்' என்ற சொல்லின் மேலேயே. இது கிரகபேதம் அல்ல, தம்புராவையே கூட்டி வைப்பதற்குச் சமம்.

இன்றைய பாப்பில் ஒரே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) முதலிலிருந்து கடைசிவரை சுழல்வது அதிகம். சரணத்துக்கும் பல்லவிக்கும் கார்டு மாறுவதில்லை, ஒலியின் அடர்த்தி மட்டும் மாறுகிறது. கீபோர்டு எவ்வளவுதான் பழையதாக இருந்தாலும் ஏணி இல்லாவிட்டால் நமக்கு அந்த ஏற்றம் கிடைக்காது.

சுருதி ஏறும் புதுப் பாட்டு வேண்டுமா? பியான்சேயின் 'லவ் ஆன் டாப்' (2011). கடைசியில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரைச்சுரம் ஏறுகிறார். எண்பதுகளின் ஆர்அண்ட்பியை நினைத்தே செய்த பாட்டு. லேடி காகாவின் 'பெர்ஃபெக்ட் இல்யூஷன்' (2016) நடுவில் ஒரு தாவல் உண்டு. அவருடைய 'தி எட்ஜ் ஆஃப் குளோரி' (2011) பாட்டில் சாக்ஸஃபோன் வாசித்தவர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆள். அந்த ஆண்டு ஜூனிலேயே அவர் மறைந்தார். அந்த வாசிப்பைக் கேட்டு மனம் இளகாமல் இருப்பது கடினம்.

ஒரு பாட்டை ஒரே நிமிடத்தில் சோதிக்க: பல்லவிக்கு முந்திய எட்டு வினாடியைக் கேளுங்கள். மெட்டு மாறி மேலே போகிறதா, அல்லது டிரம்ஸ் மட்டும் நின்று மீண்டும் விழுகிறதா? இரண்டாவது என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

#9 · எதிரொலி

தேடும் முறை பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பாட்டிஃபையின் தேடல் பெட்டியில் வடிகட்டி உண்டு. ஆங்கிலத்தில் இயர் என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, உடனே 2012-2024. பிறகு இடைவெளி விட்டு ஜான்ரே, முக்காற்புள்ளி, மேற்கோள் குறிக்குள் சிந்த்பாப். இப்படிப் போட்டால் அந்த ஆண்டுகளுக்குள் வந்தவை வரும். எங்கே சொதப்பும் என்றால், பழைய ஆல்பத்தின் மறுபதிப்பு எந்த ஆண்டில் வெளியானதோ அந்த ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிடுவது உண்டு. 1983-இன் பாட்டு 2015 என்று வந்து நிற்கும். தலைப்பின் வாலில் ரீமாஸ்டர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் முதல் வெளியீட்டு ஆண்டைச் சரிபாருங்கள்.

இரண்டாவது தப்பு, பிடித்த பழைய பாட்டிலிருந்து 'ரேடியோ' தொடங்குவது. பழையதைக் கேட்பவர்கள் வேறென்ன கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது பாட்டு எடுக்கும், அவர்கள் கேட்பதும் பழையதுதான். அதனால் வட்டத்துக்குள்ளேயே சுற்றுவீர்கள். மாற்று வழி: வெறும் பிளேலிஸ்ட் ஒன்று திறந்து, புதுப் பாட்டு மட்டும் ஏழெட்டு போடுங்கள். ஒரு பழைய பாட்டுகூட உள்ளே வரக்கூடாது. கீழே அது பரிந்துரைப்பதில் பிடித்ததை மட்டும் சேர்த்து, மறுபடி பரிந்துரையைப் புதுப்பியுங்கள். மூன்று நான்கு சுற்றில் திசை தெளிவாகும். அந்த நாட்களில் பழைய பாட்டு கேட்கவேண்டுமென்றால் பிரைவேட் செஷனில் கேளுங்கள், கணக்கில் கலக்காது.

கலைஞர்களிடமே ஆல்பம் வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வேறு வழி, எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஒரு ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். யாராவது இரண்டு வரி எழுதியிருந்தால் அவர் படத்தை அழுத்துங்கள், அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். உங்களுக்குத் தெரிந்த ஆல்பம் மூன்று அவரிடம் இருந்தால் மீதியையும் கேட்டுப் பாருங்கள். அங்கே பரிந்துரைப்பது காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிதர்.

யூடியூபில் நியூரெட்ரோவேவ் என்ற சேனல் இந்த வகைக்காகவே இருக்கிறது. ஆனால் ஜூனோ சொன்ன சிந்த்வேவ் பக்கம்தான் கனம் அதிகம்.

#10 · மட்டுறுத்தர்

இழை நன்றாகப் போகிறது. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு பற்றிய இரண்டு பதிவுகளைத் தமிழ்த் திரையிசைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறோம். இங்கே ஆங்கில பாப் மட்டும்.

#11 · ஆதார சுருதி

எதிரொலி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாடகரைத் தொடராதீர்கள், தயாரிப்பாளரைத் தொடருங்கள். பாட்டின் மூன்று புள்ளியை அழுத்தி கிரெடிட்ஸ் பகுதிக்குப் போனால் பெயர்கள் இருக்கும்.

ஒரு சங்கிலி காட்டுகிறேன். ஸ்கை ஃபெரேராவின் 'எவ்ரிதிங் இஸ் எம்பாரசிங்' (2012). அதன் பின்னால் இருவர், டெவ் ஹைன்ஸ், ஏரியல் ரெக்ட்ஷைட். இதே இருவர் கார்லி ரேயின் 'இமோஷன்' ஆல்பத்தில் 'ஆல் தட்' என்ற மெதுவான பாட்டிலும் இருக்கிறார்கள். டிஎக்ஸ்7 காலத்து மெதுவான பாட்டு அரிது என்று ஜூனோ சொன்னாரே, அதற்கு இது நேரடியான விடை. டெவ் ஹைன்ஸைப் பிடித்துக்கொண்டு போனால் சொலாஞ்சின் 'லூசிங் யூ' (2012), பிறகு பிளட் ஆரஞ்ச் என்ற பெயரில் அவரே போட்ட 'கியூபிட் டீலக்ஸ்' (2013). ரெக்ட்ஷைட்டைப் பிடித்தால் ஹைமின் 'டேஸ் ஆர் கான்' (2013). ஒரு பாட்டிலிருந்து மூன்று ஆல்பம்.

ஸ்டூவர்ட் பிரைஸ் இன்னொரு நல்ல கயிறு. கைலி மினோக்கின் 'அஃப்ரொடைட்டி' (2010), பெட் ஷாப் பாய்ஸின் 'எலெக்ட்ரிக்' (2013), டுவா லிபாவின் 'ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா' (2020) ஆல்பத்தில் 'ஹலூசினேட்'. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கை தெரியும்.

#12 · நள்ளிரவு வானொலி

எண்பதுகளின் மற்ற கிளைகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு ரசனையோடு இந்த இழைக்கு வருபவர்களுக்காக.

பிரின்ஸ், சாப் குழு பிடித்தவர்களுக்கு குரோமியோ, மான்ட்ரியலைச் சேர்ந்த இருவர். 'ஃபேன்ஸி ஃபுட்வொர்க்' சற்றுப் பழையது (2007), ஆனால் டாக்பாக்ஸ் (வாத்திய ஒலியை வாயால் பேசவைக்கும் கருவி) குரல் அப்படியே இருக்கும். ஜனெல் மோனேயின் 'மேக் மீ ஃபீல்' (2018) கேட்டால் பிரின்ஸ் எங்கே என்று தேடத்தேவையில்லை.

ஜர்னி, ஃபாரினர் மாதிரி கனத்த கிட்டாரும் உயர்ந்த பல்லவியும் வேண்டுமென்றால் ஸ்வீடனின் தி நைட் ஃப்ளைட் ஆர்க்கெஸ்ட்ரா, 'ஆம்பர் கலாக்டிக்' (2017). கடுமையான மெட்டல் வாசிப்பவர்கள் சேர்ந்து செய்த பாப், வாசிப்பில் ஒரு இடத்திலும் தளர்வு இல்லை.

ராக்ஸி மியூசிக்கின் 'அவலான்', தி ப்ளூ நைல் போன்ற அமைதியான பக்கத்துக்கு டெஸ்ட்ராயரின் 'கபுட்' (2011). அதற்கு இணையாக இன்னொன்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஷாடே பிடித்தால் ரை, 'வுமன்' (2013).

ஜாய் டிவிஷன், ஆரம்பகால டெபேஷ் மோட் போன்ற குளிர்ந்த ஒலிக்கு பெலாரஸின் மோல்சாட் டோமா ('எதாஜி', 2018, ரஷ்ய மொழி), டிராப் மெஜஸ்டி ('தி டெமான்ஸ்ட்ரேஷன்', 2017). நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த நேஷன் ஆஃப் லாங்குவேஜ் இதே மரபில் இன்னும் கொஞ்சம் மெட்டோடு: 'இன்ட்ரொடக்ஷன், பிரசன்ஸ்' (2020), 'எ வே ஃபார்வர்டு' (2021). ஓஎம்டி பிடித்தவர்கள் தவறவிடவே கூடாத குழு இது.

கேட் புஷ் பிடித்தால் பேட் ஃபார் லாஷஸ், 'லாஸ்ட் கேர்ல்ஸ்' (2019).

#13 · கேசட்முனை

எண்பதுகளின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-ட்யூன் சந்தைக்கு வந்தது 1997-இல். அதற்கு முந்தைய பதிவில் சுருதி லேசாக நழுவினால் மறுபடி பாடவைப்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். ஒரே வரியை இரண்டு முறை பாடி மேலே மேலே அடுக்குவார்கள், இரண்டுக்கும் இடையே இருக்கும் மிகச்சிறு வித்தியாசம்தான் குரலுக்கு அந்த அகலத்தைத் தருகிறது. இன்று இரண்டையும் நேராக்கிவிட்டால் அகலம் போய்விடும். புதுப் பாட்டு 'உயிரில்லாமல்' ஒலிக்கிறது என்று பலர் சொல்வதில் பாதி இதுதான். நேராக்காத குரல் வேண்டுமென்றால் ஃபியூச்சர் ஐலண்ட்ஸ், 'சிங்கிள்ஸ்' (2014). சாமுவேல் ஹெரிங் 'சீசன்ஸ்' பாட்டில் கரகரத்து, உடைந்து, எழுந்து பாடுவது மென்பொருளால் நேராக்கியதுபோல் ஒலிக்கவே ஒலிக்காது.

#14 · எதிரொலி

சத்தத்தின் அளவு பற்றியும் சொல்லவேண்டும். எண்பதுகளின் குறுந்தகட்டில் ஸ்னேர் அடி மட்டும் உச்சத்தைத் தொடும், மற்றது கீழே இருக்கும். இன்றைய பதிவில் எல்லாமே உச்சத்தை ஒட்டி நிற்கும். இரண்டையும் மாற்றிமாற்றிக் கேட்டால் பழையது சன்னமாகவும் புதியது அறைவதாகவும் படும், எதையும் சரியாக எடைபோட முடியாது. ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் பிளேபேக் பகுதியில் வால்யூம் நார்மலைசேஷனை இயக்கி, நார்மல் என்று வையுங்கள். எல்லாப் பாட்டும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வரும். 'லௌட்' வேண்டாம், அது மைனஸ் 11-க்கு ஏற்றும்போது அமைதியான பழைய பதிவுகளை லிமிட்டர் (உச்சத்தை மீறவிடாத கருவி) கொண்டு நசுக்கும்.

இப்படி வைத்தபிறகு ஒன்று நடக்கும்: பல புதுப் பாட்டுகள் பழையதைவிடச் சோர்வாக ஒலிக்கும், டிரம்ஸ் முன்னே வராது. அப்படியும் உங்களைப் பிடித்து இழுக்கும் புதுப் பாட்டு எதுவோ அதைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

#15 · பல்லவிப்பிரியன்

ஆதார சுருதி சொன்ன எட்டு வினாடிச் சோதனை நன்றாக வேலை செய்கிறது, 'ரன் அவே வித் மீ' தேறிவிட்டது. கடைசியாக ஒன்று: அந்தக் காலத்தில் 12 அங்குலத் தட்டில் ஆறேழு நிமிட நீட்டிப்பு வடிவங்கள் வருமே, அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறதா?

#16 · தாளக்கட்டு

இருக்கிறது, ஆனால் அரிது. நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' (1983) ஏழரை நிமிடம், 12 அங்குலத் தட்டாகத்தான் முதலில் வந்தது. பல்லவிக்கு முன் டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் நீண்ட முன்னிசை, நடுவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகித் திரும்பிச் சேரும் பகுதி, இவைதான் அந்த வடிவத்தின் உயிர். இன்று 'ரீமிக்ஸ்' என்று வருவது பெரும்பாலும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அடியை மாற்றிவிடும். நீங்கள் தேடவேண்டிய சொல் 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்'.

கைலி மினோக்கிடம் தொடங்குங்கள். 2023-இன் 'டென்ஷன்' ஆல்பத்துக்கு நீட்டிப்பு வடிவங்கள் மட்டும் கொண்ட 'எக்ஸ்டென்ஷன்' என்ற தனி ஆல்பமே வந்தது. மூலப் பாட்டின் மெட்டும் அடியும் அப்படியே இருக்கும், இடம் மட்டும் விரிந்திருக்கும். அதிலேயே 'பதம் பதம்' முதலில் கேளுங்கள், பிறகு தலைப்புப் பாட்டு.